கறுப்பு, சிவப்பு என்னும் இரு சொற்கள்

(நல்லூரில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்துருவம்)



தமிழிலக்கணத்திலே ஏதேனுமொரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, துறைபோகக் கற்றாரும் புதிதாகக் கற்கப் புகுந்தாரும் ஒருங்கிருந்து கேட்கத்தக்க முறையில் விரித்துரைத்தல் வேண்டும் என்று இவ்வறக்கட்டளையார் என்னைப் பணித்தபோது, அரிய சொற்கள் பலவற்றை நாடிச் சென்ற மனம் ஈற்றிலே, பால்குடி மறந்த குழந்தையும் அறிந்த கறுப்பு, சிவப்பு என்னும் இரண்டு சொற்களில் வந்து நிலைகொண்டது. எல்லோரும் அறிந்த சொற்களைப் பற்றி நெடுநேரம் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று கருதுவோர் இவ்வவையிலே சிலரேனும் இருத்தல் கூடும். பொருள் வெளிப்படையாக விளங்கும் சொற்களை எடுத்து ஓதவேண்டியதில்லை என்று சொல்லதிகாரத்து உரியியலிலே தாமே வரையறை செய்துகொண்ட தொல்காப்பியர், அதே உரியியலிலே இவ்விரு சொற்களையும் எடுத்து ஓதியிருக்கிறார் என்பதை மாத்திரம் அவர்களுக்கு முதலிலே நினைவூட்ட விரும்புகிறேன்.

இதனை நல்லூரிலே பேசுவதற்கு ஒரு பொருத்தமும் உண்டு. 1822-ஆம் ஆண்டிலே இவ்வூரிலே பிறந்த ஆறுமுக நாவலர் பரிசோதித்துக் கொடுக்க, சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1868-ஆம் ஆண்டிலே தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு அச்சிலே கொண்டுவந்தார். அதற்கு எழுபது ஆண்டுகளின் பின், 1938-இலே, புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர் அதே உரைக்குத் தாம் எழுதிய அரிய குறிப்புக்களோடு சொல்லதிகாரத்தை வெளியிட, சுன்னாகத்துத் திருமகள் அழுத்தகத்தின் அதிபர் நா. பொன்னையா அதனைப் பதிப்பித்து உதவினார். அந்தக் காலத்திலேயே இந்த நல்லூரிலே இருந்துகொண்டு, தமிழ்ச் சொற்களின் பிறப்பைத் திராவிட மொழிகள் அனைத்தோடும் ஒப்புநோக்கி ஒரு பேரகராதியைத் தொகுத்துக்கொண்டிருந்தார் சுவாமி ஞானப்பிரகாசர். 1947-ஆம் ஆண்டிலே அவர் இறைவனடி சேர்ந்தபோது அந்த அகராதி முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. உரியியலைக் கற்பதற்கும் சொல்லின் வேரைத் தேடுவதற்கும் இந்த மண்ணிலே வழிவழியாக ஆட்கள் இருந்துவந்திருக்கிறார்கள். அவர்கள் நடந்த தடத்திலே சிறிது தூரம் நடந்து பார்ப்பதே இன்றைய என் முயற்சி.

தொல்காப்பியர் கூறுவது யாது? கறுப்பு என்னும் சொல்லும் சிவப்பு என்னும் சொல்லும் வெகுளியாகிய பொருளை உணர்த்தும் என்பது அவர் முதலிலே கூறும் விதி. அவை நிறத்தை உணர்த்துதற்கும் உரியன என்பது அதனை அடுத்து அவர் கூறும் விதி. இவ்விரண்டின் முறைவைப்பை உற்று நோக்குதல் வேண்டும். நாம் இன்று இச்சொற்களைக் கேட்டவுடன் நிறத்தையே முதலாக நினைக்கிறோம். கோபம் என்னும் பொருள் வந்தால் அதனை நிறத்திலிருந்து பிறந்ததோர் ஆகுபெயர் போலக் கொள்கிறோம். ஆசிரியரோ கோபத்தை முன்னே நிறுத்தி, நிறத்தை உம்மை கொடுத்துப் பின்னே நிறுத்துகிறார். நிறப்பொருள் உலகறிந்தது, வெகுளிப்பொருளே கற்பிக்க வேண்டியது என்று இதற்கு ஒரு சமாதானம் சொல்லலாம். சொன்னால், உலகறிந்ததைச் சொல்ல ஒரு தனிச்சூத்திரம் எதற்கு என்னும் வினா உடனே எழுகின்றது. ஆகவே அந்தச் சமாதானம் போதாது. காரணம் சொற்களின் வடிவத்திலேயே இருத்தல் வேண்டும்.

அவ்வடிவத்தைக் காண்போம். கரிய நிறத்துக்குத் தமிழிலே கருமை என்னும் பண்புப்பெயர் உண்டு; செந்நிறத்துக்குச் செம்மை என்னும் பண்புப்பெயர் உண்டு. இவை இரண்டும் தம் ஈறு கெட்டும், முதல் நீண்டும், இனவெழுத்து மிக்கும் பிற பெயர்களோடு புணர்ந்து கருங்குவளை, காரெள், செந்தாமரை, சேவடி, செவ்வானம் எனப் பல உருவங் கொள்ளும் முறையை நன்னூலார் பதவியலிலே கூறியிருக்கிறார். தொல்காப்பியர் இந்தப் பண்புப்பெயர்கள் கைக்கெட்டும் தூரத்திலே இருக்கவும், கருமையும் செம்மையும் வெகுளியை உணர்த்தும் என்று கூறாமல், கறுப்பும் சிவப்பும் உணர்த்தும் என்று கூறினார். கறுப்பு என்பது கறு என்னும் வினைப்பகுதி அடியாகவும், சிவப்பு என்பது சிவ என்னும் வினைப்பகுதி அடியாகவும் பிறந்த பெயர்கள். கறுத்தான், கறுக்கின்றான், கறுப்பான் எனவும், சிவந்தான், சிவக்கின்றான், சிவப்பான் எனவும் முக்காலத்திலும் நடப்பவை அப்பகுதிகள். கருமையும் செம்மையும் அவ்வாறு காலங்காட்டி நடவா. ஆகவே ஒருபுறத்திலே இருக்கும் நிறம், மறுபுறத்திலே உண்டாகும் நிறம் என இரு வேறு கூறுகள் தமிழிலே ஆதிமுதலே பிரிந்து நிற்கின்றன. வெகுளி பற்றிய விதி உண்டாகும் நிறத்துக்கே உரியது.

செங்கண் என்பதற்கும் சிவந்த கண் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். திருமாலைச் செங்கண்மால் என்று சொல்லும்போது அவன் கண்ணின் செம்மை அவனோடு கூடவே என்றும் உள்ளது. அதற்கு ஒரு தொடக்கம் இல்லை, காரணமும் இல்லை. சிவந்த கண் என்றால், அது முன்பு சிவவாதிருந்தது. உறக்கமின்மையாலோ, அழுகையாலோ, கள்ளினாலோ, சினத்தினாலோ இப்போது சிவந்தது. சிறிது நேரத்திலே பழைய நிறத்துக்கு மீளவும் கூடும். கருமுகில் என்பது முகிலுக்கு அடைமொழி. முகில் கறுத்தது என்பது மழைக்கு முன்னறிவிப்பு. குறிஞ்சி நிலத் தெய்வத்தைச் சேயோன் என்றும் முல்லை நிலத் தெய்வத்தை மாயோன் என்றும் தொல்காப்பியப் பொருளதிகாரம் வழங்குகின்றது. அழியாத இயல்பாகிய நிறத்தைத் தெய்வத்துக்குப் பெயராக்க வேண்டியவிடத்துச் சே என்னும் பண்படியும் மா என்னும் பண்படியுமே வந்தன. சிவந்தோன் என்றும் கறுத்தோன் என்றும் சொல்லியிருந்தால் அவை தெய்வங்கள் வெகுண்டு நின்ற தோற்றத்தைக் குறித்துவிடும். செவ்வேள் என்று நல்லூர்க் கந்தனை வழுத்தும் அடியார் ஒருவரும் அப்பெயரிலே கோபத்தை நினையார்; அழகையும் இளமையையுமே நினைப்பார்.

இப்பிரிவு பழைய ஏடுகளோடு ஒழிந்துபோயிற்று என்று எண்ணலாகாது. அண்மைக்காலத்திலே பிறமொழிகளைத் தழுவித் தமிழிலே ஆக்கிக்கொண்ட பெயர்களைப் பார்த்தாலும் அதே சுபாவம் தோன்றுகின்றது. பூகோளத்திலே செங்கடல், கருங்கடல் என்று படிக்கிறோம். சிவந்த கடல், கறுத்த கடல் என்று ஒருவரும் பெயரிடவில்லை. பாடசாலையிலே இருந்தது கரும்பலகை. காயம்பட்டார்க்கு உதவும் சங்கம் செஞ்சிலுவைச் சங்கம். இந்தப் பெயர்களை அமைத்தவர்கள் எல்லோரும் உரியியலைக் கற்றுவிட்டு வந்து அமைத்தார்கள் என்று சொல்ல முடியாது. நிலையான நாமத்துக்கு நிலையான பண்படியே வேண்டும் என்பதை மொழியே அவர்கள் நாவிலிருந்து உணர்த்தியது என்று கொள்வதே பொருத்தம்.

இனி வெகுளிக்கு வருவோம். பழைய செய்யுட்களிலே அரசன் சிவந்தான் என்றால் அவன் சினந்தான் என்பதே பொருள். கறுத்தோர் என்றால் பகைவர் என்பதே பொருள். அங்கே வினைக்கு எழுவாயாக நிற்பது முழு மனிதன், இலக்கண பரிபாஷையிலே சொன்னால் முதற்பொருள். கண் சிவந்தான் என்று சொல்லும்போது சினையாகிய கண்ணின் வினை முதலாகிய மனிதன்மேல் ஏறி நிற்கின்றது. கண் சிவந்தது என்று சொல்லும்போது வினை சினையோடே நின்றுவிடுகின்றது. இந்த மூன்று படிகளிலே முதற்படி இன்றைய வழக்கிலிருந்து முழுவதும் மறைந்துபோயிற்று. அவன் சிவந்தான் என்று கோபப்பொருளிலே இன்று யாழ்ப்பாணத்திலும் சொல்வாரில்லை, தமிழகத்திலும் சொல்வாரில்லை. முகம் சிவந்தது, கண் சிவந்தது என்னும் மூன்றாம் படியே எஞ்சியுள்ளது. அதிலும் முகம் சிவத்தல் கோபத்துக்கு மட்டும் உரியதாக இல்லாமல் நாணத்துக்கும் பொதுவாகிவிட்டது. கறுத்தான் என்பதோ நம் ஊரிலே, வெயிலுக்குள்ளே நின்று மேனி கறுத்தான் என்னும் பொருளை மாத்திரம் தருகின்றது. முழு மனிதனைப் பற்றி எரிந்த வெகுளி, அவன் முகத்தளவிலே சுருங்கி, பின் வெறும் நிறத்தளவிலே தேய்ந்த இந்தச் சரித்திரத்தை அறிந்தால்தான், தொல்காப்பியர் ஏன் வெகுளியை முதலிலே வைத்தார் என்பது விளங்கும். அவர் காலத்து வழக்கிலே மனிதனை எழுவாயாகக் கொண்ட கறுத்தலும் சிவத்தலும் வெகுளுதலே. பொருளை எழுவாயாகக் கொண்டவிடத்து நிறமாதலும் உண்டு. எழுவாயைக் கொண்டு பொருளைத் துணியும் இந்த நுட்பத்தையே இரண்டு சூத்திரங்களாகப் பகுத்து வைத்தார் என்பது என் துணிபு.

இரண்டு சொல்லும் வெகுளி என்றால் இரண்டும் ஒரே வெகுளிதானா? ஆசிரியர் இரண்டையும் ஒருசேரக் கூறினாரேனும், பிரயோகத்தைப் பார்க்கும்போது இரண்டுக்கும் தன்மை வேறு என்றே தோன்றுகின்றது. சிவப்பு உடனே மூண்டு உடனே தணிவது. கண்ணிலே வருவது, பிறர் பார்க்கத் தெரிவது. கறுப்பு நெஞ்சுக்குள்ளே தங்குவது. இன்னா செய்யாமை என்னும் அதிகாரத்திலே, 312-ஆம் குறளிலே, திருவள்ளுவர் ஒருவன் தன்மேல் தீராத பகை வைத்துத் தீங்கு செய்வதைச் சொல்ல வந்த இடத்திலே கறு என்னும் வினையைத்தான் எடுத்தார். பரிமேலழகர் அதற்குச் செற்றம் என்று பொருள் எழுதினார். செற்றமாவது நெடுங்காலம் நெஞ்சிலே நின்ற சினம். அந்த இடத்திலே சிவந்து என்று ஒரு சொல் வந்திருந்தால், கணநேரக் கோபத்திலே செய்த பிழையைப் பொறுக்கும் எளிய அறமாகவே அது முடிந்திருக்கும். கறுத்து என்று வந்தமையாலேதான், திட்டமிட்டு வந்த தீமைக்கும் பதில் செய்யாத அரிய அறமாக அது உயர்ந்தது.

யாழ்ப்பாணத்துப் பேச்சு இதற்கு இன்றும் சாட்சி சொல்கின்றது. வேலித் தகராறிலே பேச்சு முறிந்த அயலவன் ஒருவன், ஆண்டுகள் கழிந்தும் மனம் ஆறாதிருந்தால், அவன் கறுவிக்கொண்டு திரியிறான் என்கிறோம். அவனுக்குள்ளே இருப்பதைக் கறுவம் என்கிறோம். கறுவு என்னும் இந்த வினை கறு என்பதன் கிளையே. கோபம் என்னும் பொருள் கறுத்தான் என்பதிலிருந்து நீங்கிப் போகும்போது வெறுங்கையோடு போகாமல், கறுவினான் என்னும் கிளையிலே குடிபுகுந்துகொண்டது. சிவ என்னும் பகுதிக்கு அப்படியொரு கிளை முளைக்கவில்லை. தணிந்துபோகும் கோபத்துக்குத் தனிவீடு தேவைப்படவில்லை போலும். முகம் கறுத்துப்போச்சு என்று நாம் இன்று சொல்லும்போதும் உரத்த கோபத்தைக் குறிப்பதில்லை. விருந்துக்கு அழைக்கப்படாத உறவினரின் முகத்திலே வந்து விழும் அந்த ஊமை வருத்தத்தையே குறிக்கிறோம். வருத்தம் முற்றினால் கறுவமாகும். இந்தத் தொடர்ச்சி அகராதிகளிலே ஒரே இடத்திலே காணக் கிடையாது, வழக்கிலேதான் காணக் கிடைக்கும்.

நான் சொல்ல வந்ததன் நடுக்கூறு இங்கேதான் இருக்கிறது. தமிழிலே நிறம் பண்பாக நிற்குமளவும் குற்றமற்றது. அது வினையாகி மாறும்போதே அதற்குள்ளே மனிதனுடைய உணர்ச்சி வந்து புகுகின்றது. கார் என்பது உழவனுக்கு உயிரான மழைப்பருவம். கருங்குவளை, கருங்கூந்தல், கரும்பொன் எனப்படும் இரும்பு, இவற்றிலே யாதொரு இழிவும் இல்லை. குறுந்தொகையின் 3-ஆம் பாட்டிலே குறிஞ்சிச் செடியின் தண்டைக் கருங்கோல் என்று சொல்லியிருக்கிறது. அச்சொல்லிலே அந்தத் தண்டின் நிறமும் வலிமையுமே உண்டு. செங்கோல் என்னும் சொல்லுக்கு எதிர்ச்சொல்லாக வந்திருக்க வேண்டியது கருங்கோல் என்றே நிறத்தை மட்டும் நோக்குவார் எண்ணுவர். தமிழர் சொன்னது கொடுங்கோல். வளைந்த கோல் என்பது அதன் பொருள். எனவே செங்கோலின் செம்மை நேர்மையைக் குறித்த செம்மையே. அதற்கு எதிர் கோணல். செந்நிறத்தைக் குறித்த செம்மையும் நேர்மையைக் குறித்த செம்மையும் ஒரே வேரிலிருந்து பிரிந்தனவா, வேறு வேறு வேர்கள் ஓசையால் ஒன்றுபட்டனவா என்பதிலே அறிஞர்களுக்குள் அபிப்பிராய பேதம் உண்டு. கொடுங்கோல் என்னும் எதிர்ச்சொல்லைக் காணுந்தோறும் இரண்டும் வேறு என்பார் பக்கமே என் மனம் சாய்கின்றது. செந்தமிழ், செந்நெறி, செப்பம், செவ்வை, செம்மல் என்னும் சொற்களிலே நிறத்தைத் தேடுவது வீண். எவ்வாறாயினும், கருமைக்குத் தீமை என்னும் பொருளைத் தமிழர் தம் பழஞ்சொற்களிலே பொதுவிதியாக ஏற்றிவைக்கவில்லை என்பது மட்டும் திண்ணம்.

இவ்விடத்திலே றகர ரகர பேதத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. கருமை என்பதிலே வருவது இடையின ரகரம். கறுப்பு என்பதிலே வருவது வல்லின றகரம். கருமை உண்டாதலால் கருப்பு என்று எழுதினால் என்ன என்று கேட்போர் உளர். தமிழகத்துப் பத்திரிகைகளிலே அவ்வாறு எழுதும் வழக்கம் இப்போது பெருகியும் விட்டது. அவர்களோடு நான் வாதிடப்போவதில்லை. வழக்கு ஆற்றல் பெரிது. ஆனால் கருப்பு என்று ரகரத்தோடு வேறு சொற்கள் தமிழிலே முன்னமே இருக்கின்றன. கருப்பு என்றால் பஞ்சம். கரும்பு என்பது வேறொரு சொல்லோடு புணரும்போதும் கருப்பு ஆகும். கருப்பஞ்சாறு அவ்வாறு வந்தது. நம்முடைய பனைவளவுகளிலே, முட்டியின் உட்புறத்திலே சுண்ணாம்பு தடவி இறக்கும் புளிக்காத பதநீருக்குக் கருப்பநீர் என்று பெயர். அந்த இனிய நீரிலே கரிய நிறம் அணுவளவும் இல்லை. அப்பெயரிலே இருப்பது இனிப்பு. கறுப்பையும் கருப்பு என்று எழுதத் தொடங்கிவிட்டால், நாளை ஒரு பிள்ளை கருப்பநீரைக் கறுத்த நீர் என்று எண்ணுவதற்கு நாமே வழிவகுத்தவர்களாவோம். ஈழத்தவர் நாவிலே ரகர றகர பேதம் இன்றும் பெரிதும் அழியாமல் ஒலிக்கின்றது. கறையும் கறளும் கறுப்பும் வல்லின றகரத்தோடும், கருகலும் கருக்கலும் கருமையும் இடையின ரகரத்தோடும் நிற்பதைச் செவியே பிரித்தறியும். கறள் என்பது இரும்பிலே பிடிக்கும் துரு. தமிழகத்தார் பலருக்குப் புதிதாகத் தோன்றும் சொல். நம் கிணற்றடி வாளியிலே அன்றாடம் கண்டு சொல்வது.

வேர்ச்சொல் ஆராய்ச்சியிலே சிவப்பின் கதை வேறு. கன்னடத்திலே சிவப்பைக் கெம்பு என்பர். நம்முடைய செவிக்கு அவர்கள் கிவி என்பர். பழைய ககரம் இகர எகரங்களின் முன்னே தமிழிலே சகரமாகத் திரிந்தது என்பது ஒப்பியல் இலக்கணத்தார் கண்ட முடிபு. ஆகவே நம் செ என்னும் பண்படிக்கு மிக முந்திய உருவம் கெ என்பது பெறப்படும். மலையாளத்தார் கறுத்த என்றும் சுவந்ந என்றும் நம்மைப் போலவே இரண்டையும் வினையாக வழங்குகின்றனர். சிவன் என்னும் திருநாமமும் இந்தச் சிவப்பிலிருந்தே வந்தது என்று சிலர் எழுதியிருக்கின்றனர். வடமொழியிலே அச்சொல் மங்கலம் என்னும் பொருளிலே இருக்குவேதத்திலிருந்தே வழங்கிவருதலால், நான் அதனை ஆதாரமாகக் கொண்டு ஒன்றும் கட்ட விரும்பவில்லை.

உலக மொழிகளோடு ஒப்பிட்டால் இன்னொன்று புலப்படும். 1969-ஆம் ஆண்டிலே பெர்லின், கே என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் 98 மொழிகளின் நிறப்பெயர்களை ஆராய்ந்து, ஒரு மொழியிலே இரண்டே நிறப்பெயர்கள் இருக்குமாயின் அவை கறுப்பும் வெள்ளையும் என்றும், மூன்றாவதாக ஒன்று சேருமாயின் அது சிவப்பே என்றும் கூறினர். அவர்கள் கொள்கையிலே திருத்தங்கள் பல பின்னாளில் எழுந்தன. அவை இங்கே வேண்டா. தமிழிலே எந்த நிறங்களுக்கு வினை உண்டு என்று பார்த்தால், கறுத்தது, வெளுத்தது, சிவந்தது என இந்த மூன்றும் முன்னே வந்து நிற்கின்றன. நான்காவதாகப் பசத்தல் இருந்தது. தலைவியின் பசலையிலே அது வாழ்ந்தது. இன்றைய பேச்சிலே அது வழக்கொழிந்தது. பச்சை என்பது இன்று பெயர் மட்டுமே. தேர்த்திருவிழாவிலே ஆறுமுகப் பெருமான் பச்சை சாத்தி எழுந்தருளும்போது அச்சொல் பச்சைநிற ஆடையையும் அலங்காரத்தையுமே குறித்து நிற்கின்றது. பச்சைத் தண்ணியிலும் பச்சையரிசியிலும் காய்ச்சாமை, அவியாமை என்னும் பொருளாகி நிறத்தையே விட்டுவிட்டது. மஞ்சள் ஒரு கிழங்கின் பெயர்; நீலம் வடசொல்; நம் பிள்ளைகள் பள்ளியிலே படிக்கும் செம்மஞ்சளும் மண்ணிறமும் அண்மையிலே கூட்டிய தொடர்கள். இவற்றுக்கெல்லாம் வினை இல்லை. பழைய நிறங்களே வினையாயின, புதியவை பெயராகவே வந்தன என்னும் இம்முடிபை இளைஞர் எவரேனும் எடுத்து ஆராய்வாராயின் மிக மகிழ்வேன்.

மனத்தை வருத்தும் வழக்கு ஒன்றையும் சொல்லவே வேண்டும். கலியாணப் பேச்சிலே சிவத்தப் பெட்டை என்றும் கறுத்தப் பெட்டை என்றும் நம் சனங்கள் சொல்வதை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அங்கே சிவப்பு என்பது வெண்மை சார்ந்த மேனி. கறுப்பு என்பது மாநிறத்துக்கு மேற்பட்ட எதுவும். ஒரு பெண் கறுக்கவில்லை; அவள் அந்த நிறத்தோடே பிறந்தாள். பண்பாகிய கருமையை வினையாகிய கறுத்தலாக்கிச் சொல்லும்போது, அவளுக்கு ஏதோ ஒரு கெடுதி நேர்ந்து அவள் அப்படி ஆகிவிட்டாள் என்னும் தொனி நம்மை அறியாமலே உள்ளே வந்துவிடுகின்றது. கரிய திருமேனியை மாயோன் என்று வணங்கிய மொழியிலே, ஒரு தாய் தன் மகளின் நிறத்தைத் தாழ்ந்த குரலிலே சொல்ல நேர்வது அநியாயம். அதற்கு இலக்கணம் பொறுப்பன்று, சொல்பவர்களே பொறுப்பு.

துக்கத்துக்குக் கறுப்பு என்பதும் நம் மரபிலே இருந்ததன்று. செத்தவீட்டிலே கட்டுவது வெள்ளை. பந்தலுக்கு இடுவதும் வெள்ளை. கறுப்புக்கொடி, கறுப்புச்சந்தை, கறுப்புப்பணம் என்பன ஐரோப்பிய மொழிகளின் வழியாக வந்து சேர்ந்தவை. ஆயினும் 1983-ஆம் ஆண்டின் ஜூலை மாதத்துக்குப் பின்னர், கறுப்பு ஜூலை என்னும் தொடர் ஈழத்தமிழரிடையே நிலைபெற்றது. அதனை இரவற்சொல் என்று இனி ஒருவரும் சொல்ல மாட்டார். பட்ட துன்பம் அதனை நம்முடையதாக்கிவிட்டது. அதன் வடிவத்தையும் கவனியுங்கள்: கறுத்த ஜூலை என்று எவரும் சொல்லவில்லை, கருஞ்ஜூலை என்றும் சொல்லவில்லை. கடந்துபோன மாற்றமாகவும் அன்றி, பிறவிக்குணமாகவும் அன்றி, ஒரு நாமமாகவே அதனை நிறுத்தினார்கள்.

இனி இந்தக் குடாநாட்டுப் பேச்சுக்கே உரிய விஷயமொன்று. எழுத்துத் தமிழிலே சிவந்த என்பதை நாம் பேச்சிலே சிவத்த என்கிறோம். சிவத்தப் பச்சையரிசி மாவிலே புட்டவிக்கிறோம்; அத்தொடரிலே சிவத்த என்பது நிறமாகவும் பச்சை என்பது அவியாமையாகவும் அருகருகே நிற்கும் அழகைப் பிறமொழியார்க்கு விளக்குவது கடினம். சிவத்த என்பதைக் கட்டுரைப் பயிற்சியிலே மாணவன் எழுதினால் ஆசிரியர்கள் அதனைப் பிழையென்று வெட்டுகின்றனர். அதனைப் பிழையென்று தள்ளுதற்கு முன்னே பகுபத முடிபைச் சிறிது நோக்குமாறு அவர்களை வேண்டுகிறேன். கறுத்த என்பது கறு, த், த், அ எனப் பகுதியும் சந்தியும் இடைநிலையும் விகுதியுமாகப் பிரியும். சிவந்த என்பதும் சிவ, த், த், அ என்றே பிரியும். சந்தித் தகரம் நகரமாக மெலிந்தது விகாரம் என்றே மாணவர்க்குக் கற்பிக்கிறோம். அந்த விகாரம் நிகழாதவிடத்துக் கிடைக்கும் உருவமே சிவத்த. இதனைக் கொண்டு சிவத்த என்பதே பழைய உருவம் என்று நான் வாதிக்க வரவில்லை. கறுத்த, வெளுத்த என்னும் தன் தோழர்களோடு ஒத்து நடப்பதற்காகப் பேச்சிலே சிவந்த என்பது சிவத்த ஆயிற்று என்று கொள்வதே இயல்பு. மூன்று பழைய நிறவினைகளையும் ஒரே வாய்பாட்டிலே நிறுத்திய முறைமை அதிலே தெரிகின்றது.

இதைவிட நுட்பமான சான்று நம் வளவுகளிலே காய்க்கின்றது. கறுத்தக் கொழும்பான் என்னும் மாம்பழத்தை இவ்வவையிலே அறியாதார் இலர். அதன் தோல் கரும்பச்சை. வெள்ளைக் கொழும்பான் என்று இன்னொன்றும் உண்டு. செம்பாட்டு மண்ணை நினைவூட்டும் செம்பாட்டான் என்பதும் உண்டு. கறுத்த என்பது தெரிநிலைப் பெயரெச்சம். பெயரெச்சத்தின் பின்னே வல்லினம் மிகாது. வந்த பையன், படித்த புத்தகம் என்பவற்றிலே மிகவில்லை. அவ்விதிப்படி கறுத்த கொழும்பான் என்றே வருதல் வேண்டும். நாமோ ககரத்தை அழுத்திக் கறுத்தக் கொழும்பான் என்றே சொல்கிறோம். பெரும்பாலும் அப்படியே எழுதவும் செய்கிறோம். சிவத்தச் சீலை என்றும் கறுத்தப் பூனை என்றும் சொல்கிறோம். அதே நா வேலை செய்த கிழவன் என்று சொல்லும்போது அங்கே ககரம் மிகவில்லை. இதன் கருத்து யாது? வினையின் பழைய தொனி சிலவிடத்து எஞ்சி நிற்பினும், கறுத்த, சிவத்த என்னும் இரண்டும் யாழ்ப்பாணத்து வாயிலே பெயரெச்சமாக இருத்தலைக் கைவிட்டு, வெள்ளை, பச்சை என்பனவற்றைப் போல வல்லினம் மிகும் பண்புச்சொற்களாக மாறிவிட்டன. அந்த மாம்பழம் ஒருநாள் வெள்ளையாக இருந்து பின் கறுத்ததன்று. உண்டாகும் நிறத்துக்குரிய சொல் இருக்கும் நிறத்துக்கு வந்துவிட்டது. வந்ததற்கு அடையாளமாக ஓர் ஒற்றையும் கூட்டிக்கொண்டது.

கறுப்பும் சிவப்பும் நிறத்தை உணர்த்துதற்கும் உரியன என்று தொல்காப்பியர் இரண்டாவது சூத்திரத்தை வைத்ததன் பயன் இங்கே நமக்குக் கிடைக்கின்றது. வினையடியாக வந்தவை வெகுளிக்கே உரியன என்று அவர் முதற்சூத்திரத்தோடு நிறுத்தியிருந்தால், சிவத்தப் பச்சையரிசியும் கறுத்தக் கொழும்பானும் இலக்கணத்துக்குப் புறம்பாகியிருக்கும். உரியன என்றமையால் அவற்றுக்கும் இடமுண்டு. ஆகையால் ஆசிரியப் பெருமக்களுக்கு நான் விண்ணப்பம் செய்துகொள்வது இவ்வளவே: எழுத்துநடைக்குச் சிவந்த என்பதைக் கற்பியுங்கள், ஆனால் மாணவன் சிவத்த என்று எழுதிவிட்டால் அதன்மேல் சிவப்பு மையினாலே கோடிடாமல், பக்கத்திலே ‘ஊர்வழக்கு’ என்று குறித்து விடுங்கள். கறுத்தக் கொழும்பான் என்று ஒற்று மிகுத்து எழுதினால், அதனை அப்படியே விட்டுவிடுங்கள்.